அருகு உறங்கும் தை மாதம்

எங்கள் கொழிஞ்சாம்பாறையில் வரப்பில் அருகம்புல் பழுத்தால் பங்குனி பிறந்துவிட்டது என்று கணக்கு. பாலக்காட்டுக் கணவாய் வழியே மார்கழி, தையில் அடிக்கும் வறண்ட காற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சி முடித்தபின் வரும் வாட்டம் அது. அதனால்தான், அரிசோனா பாலைவனத்துச் சாண்ட்லரில் இருக்கும் அக்கா மகள் போன தையில் வீடியோ காலில் வாசல் புல்லைக் காட்டி, "மாமா, தெனமும் தண்ணி வுடறனுங்க, வைக்கோலாட்டம் ஆயிப்போச்சு" என்றபோது முதலில் எனக்குப் பிடிபடவில்லை. அங்கே 'பெர்முடா' என்று விற்கும் புல் நம் அருகம்புல்தான்; தாவரவியல் பெயர் சைனோடான் டாக்டிலான். 45 டிகிரி வெயிலைத் தாங்கிய புல், தண்ணீர் இருந்தும் ஏன் வெளுத்தது?

குளிர்தான் காரணம். அருகு, கரும்பு, சோளம், கம்பு எல்லாம் ஒரே கூட்டம். கரியமில வாயுவை இவை முதலில் நான்கு கார்பன் அணுக்கள் கொண்ட அமிலமாகப் பிடித்து, இலை நரம்பைச் சுற்றியுள்ள அறைகளில் கொண்டுபோய்க் குவித்து, அங்கே சர்க்கரை ஆக்குகின்றன. 1966இல் ஹேட்ச், ஸ்லாக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கரும்பில் விளக்கிக் காட்டிய வழி இது. சூடு ஏற ஏற நெல் போன்ற பயிர்களில் ரூபிஸ்கோ என்ற நொதி கரியமில வாயுவுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்து உழைப்பை வீணாக்கும். அருகுக்கு அந்த நட்டம் மிகக் குறைவு.

ஆனால் இந்த ஏற்பாடு குளிருக்கு ஒத்துவராது. அதை ஓட்டும் நொதிகளில் ஒன்று, மக்காச்சோளத்தில் பார்த்தபடி, ஏறக்குறைய 12 டிகிரிக்குக் கீழே கட்டுக்குலைந்து செயலிழக்கிறது. பாலைவன வானில் மேகம் இல்லை; பகல் சூடெல்லாம் இரவில் மேலே போய்விடும். விடிந்ததும் அதே தெளிந்த வானிலிருந்து வெயில் கொட்டும். பச்சையம் ஒளியை வாங்கிக்கொண்டே இருக்க, அதைச் செலவழிக்கும் இடம் முடங்கிக் கிடக்கிறது. மிஞ்சிய ஆற்றல் பச்சையத்தையே சிதைக்கிறது. மண் 10 டிகிரியை நெருங்கியதும் புல் இலையைக் கைவிட்டு, மாவுச்சத்தைக் கிழங்குத் தண்டில் வைத்துக்கொண்டு உறங்கிவிடும். 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி' என்று வாழ்த்தியவர்கள் வேரைத்தான் கவனித்திருக்கிறார்கள்.

அப்படியானால் அந்த ஊரில் தையிலும் பச்சையாய்க் கிடக்கும் புல்தரைகள்? அது வேறு புல். நெல்லின் வழியில் மூன்று கார்பன் சேர்மம் செய்யும், குளிர் நாட்டு ரை புல். அக்டோபரில் இரவு வெப்பம் 15 டிகிரிக்கு இறங்கும்போது அருகை ஒட்ட வெட்டி, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 60 கிராம் விதை தூவி, முளைக்கும்வரை பகலில் நாலைந்து முறை லேசாக நனைப்பார்கள். ஒரு வாரத்தில் பச்சை தெரியும். வெயில் முற்றியதும் ரை செத்துவிடும். அதற்குமுன் விழித்த அருகுக்கு அதன் நிழல் இடைஞ்சல். வருடா வருடம் விதைத்தால் அடிப்புல் மெலிந்து திட்டுத்திட்டாகும்.

மணக்கடவு அணையில் இறங்கும் ஆளியாற்றுத் தண்ணீரை எதிர்பார்த்துப் பயிர் வைக்கும் ஊர்க்காரனுக்கு, பாலைவனத்தில் பார்வைக்காக மட்டும் ஒரு போகம் புல் வளர்க்க மனம் ஒப்பவில்லை. அவளிடம் ஓடுகொடி ஒன்றைப் பிடுங்கி நகத்தால் கீறச் சொன்னேன். உள்ளே வெள்ளையாய், ஈரமாய் இருந்தது. "உசுரோடதான் இருக்குது கண்ணு, மூணு வாரத்துக்கு ஒருக்கா தண்ணி போதும்" என்றேன். அன்றே குழாயை அடைத்தாள்.