ரிப்பன் மாளிகை ஊதா நிறமில்லை

கட்டடங்களைப் படமெடுப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது, அதனால் இதைக் கொஞ்சம் எரிச்சலோடுதான் எழுதுகிறேன். ரிப்பன் மாளிகையின் அந்திப் படம் என்று சுற்றுவதில் நிறைய ஊதாவாக, பச்சையாக இருக்கின்றன. 1913-இல் திறந்த அந்தக் கட்டடம் முழு வெள்ளை. வண்ண எல்இடி விளக்கொளி அதன்மேல் விழுந்ததும் கேமராவில் ஏதாவது ஒரு நிறம் நிரம்பி வழிந்துவிடும், மொத்த ஹிஸ்டோகிராம் (படத்தின் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) நல்லபிள்ளையாக நிற்கும்போதே தூண் தலைப்பிலும் கார்னிஸிலும் (சுவர் உச்சியில் நீட்டி நிற்கும் விளிம்பு) உள்ள வேலைப்பாடு காணாமல் போயிருக்கும். கேமரா எதையும் சுருக்காமல் சேமிக்கும் ரா ஃபைலில் எடுத்தாலும் அது திரும்ப வராது. ஹிஸ்டோகிராமில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்.

அடுத்தது நேரம். யூடியூப்பில் வெளிநாட்டுக்காரர்கள் சூரியன் மறைந்ததும் நிதானமாக டீ குடித்துவிட்டு ட்ரைபாட் விரிப்பார்கள். லண்டனில் ஜூன் மாத அந்தி வெளிச்சம் முக்கால் மணி நேரம் நிற்கும், அவர்களுக்குச் சரி. சென்னையில் இருபது நிமிடத்துச் சொச்சம்தான், அதிலும் வானமும் விளக்கும் சம பலத்தில் இருப்பது பத்து நிமிடம் இருந்தால் அதிகம். நவம்பரில் 5.40-க்கே சூரியன் போய்விடும், ஜூலையில் 6.40 ஆகும். அதற்கு அரை மணி நேரம் முன்பே இடம் பார்த்து நின்றுவிடுங்கள். மெரினா பக்கமிருந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸை எடுத்தால் மேற்கு வானம் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும், அங்கே மட்டும் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்.

விளக்கு எரிவதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தை யாரும் மதிப்பதில்லை. வெயிலும் இல்லாத, விளக்கும் இல்லாத அந்த மெல்லிய வெளிச்சத்தில்தான் உயர் நீதிமன்றத்தின் செங்கல் செங்கல் நிறத்தில் இருக்கும், இடையில் பூசிய சாந்துக் கோடுகூடத் தெரியும். லைக் வாங்காது, ஆனால் கட்டாயம் ஒன்று எடுத்து வையுங்கள். 2012 ஜனவரியில் சேப்பாக்கம் அரண்மனையின் கலச மஹால் தீயில் எரிந்தது, பிறகுதான் புதுப்பித்தார்கள். அப்படி ஒரு வேலைக்கு உட்காருபவருக்கு ஊதாப் படம் எதற்கு உதவும்?

ஒருகாலத்தில் கலங்கரை விளக்கமாக இருந்த உயர் நீதிமன்றக் கோபுரத்தை அண்ணாந்து எடுத்தால் பின்னால் சாய்ந்து விழுவதுபோல வரும். தள்ளிப் போய், கேமராவைச் சமமாக வைத்து, தேவையில்லாத தரையை அப்புறம் வெட்டிக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ (ஒளி உணரும் அளவு) 100, லென்ஸ் துளை எஃப்/8, ஷட்டர் திறந்திருப்பது சில நொடிகள். ரிப்பன் மாளிகை முன்னால் ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் பேருந்து குறுக்கே ஓடி மதில்மேல் விளக்குக் கோடு இழுக்கும், சிக்னல் விழும்வரை காத்திருங்கள்.

ட்ரைபாடைப் பார்த்தாலே காவலர் வருவார். நீதிமன்ற வளாகத்துக்குள்ளும் ரயில் நிலையத்திலும் அனுமதியில்லாமல் விரிக்கவே வேண்டாம், ட்ரோன் பேச்சே எடுக்காதீர்கள். வெளியில் நிற்கும்போது மறுத்தால் வாதாடி அந்தப் பத்து நிமிடத்தைத் தொலைக்காமல், எதிர்ச்சாரியில் ஏதாவது குட்டைச் சுவர்மேல் கேமராவை வைத்து, இரண்டு நொடி டைமர் போட்டு எடுத்துவிடுங்கள்.