பாசிமணி விற்பவர் வீட்டில் பேசும் மொழி எது?

வேளாங்கண்ணியிலும் நாகூரிலும் பாசியும் ஊசியும் விற்கும் நரிக்குறவர்களின் தாய்மொழி மராத்தி என்று சில எழுத்துகளில் பார்க்கலாம். தவறு. அவர்கள் பேசுவது வாக்ரிபோலி. அது குஜராத்திக்கு நெருக்கமான இந்தோ-ஆரிய மொழி.

தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் எட்கர் தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் ‘குருவிக்காரர்’ என்ற தலைப்பில் இவர்கள் வருகிறார்கள். மராத்தி பேசுபவர்கள் என்கிறது பதிவு. காட்டு மராட்டி என்று பிறர் அழைப்பதையும் அதே பதிவு சொல்கிறது. ‘வாகிரி’ என்று தங்களைத் தாங்களே சொல்லிக்கொள்வதையும் சொல்கிறது. இப்படிப்பட்ட எழுத்துகளைச் சரிபார்க்கும்போது, ஊரார் வைத்த பெயர் எது, தாங்களே சொல்லும் பெயர் எது என்று முதலில் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஊரார் வைத்த பெயர் மொழிக்குச் சாட்சி ஆகாது. குறவரும் நரிக்குறவரும் வேறு வேறு மக்கள் என்பதைக்கூடப் பெயர் ஒற்றுமை மறைத்துவிடுகிறது.

அடுத்து, மராத்தி என்று எழுதும் கட்டுரைகளின் அடிக்குறிப்புகளைப் பின்னோக்கித் தேடுங்கள். ஐந்து கட்டுரைகள் கிடைத்து, ஐந்தும் அந்த 1909ஆம் ஆண்டுப் பக்கத்திலேயே போய் நின்றால் சாட்சி ஐந்தல்ல, ஒன்றுதான். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் ஜார்ஜ் கிரியர்சன் நடத்திய இந்திய மொழிக் கணக்கெடுப்பில் தேடிப் பயனில்லை. மதராஸ் மாகாணம் அதன் எல்லைக்குள் வரவில்லை. அதில் இல்லாததால் மொழியே இல்லை என்று ஆகிவிடாது.

மொழியைச் சோதிக்கச் சுமார் 100 அடிப்படைச் சொற்கள் போதும்: உடலுறுப்பு, உறவு, எண், தண்ணீர், நெருப்பு. கடைத்தெருவில் கேட்டு எழுதிய பட்டியலை நம்ப வேண்டாம். விலை பேசும்போது தமிழ்தான் வரும். குடியிருப்பில், வெவ்வேறு வயதினரிடம், தனித்தனியாகக் கேட்டதா என்று பாருங்கள். மொழிபெயர்த்தவர் யார் என்று சொல்லாத ஆய்வுக்கு மதிப்பைக் குறைத்துக்கொள்ளலாம். சொல் ஒப்புமை மட்டும் போதாது, வினை விகுதிகளும் ஒத்துப்போக வேண்டும். சொல்லைக் கடன் வாங்குவது எளிது, விகுதியை அவ்வளவு எளிதாக வாங்க முடியாது.

எண்ணிக்கையில் பொறி வேறு விதம். 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழகப் பழங்குடியினர் 7,94,697 பேர். நரிக்குறவர் இதில் சேரவில்லை. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியதே 2022 டிசம்பரில்தான். இந்த எண்ணை வைத்துக்கொண்டு ‘டெல்டாவில் பழங்குடிகளே குறைவு’ என்று எழுதினால், பட்டியலின் வரலாற்றை மக்களின் வரலாறாக எடுத்துக்கொண்டதாகும்.

‘தஞ்சாவூர்’ என்ற பெயரும் ஏமாற்றும். பழைய ஆவணங்களின் தஞ்சாவூர் மாவட்டத்தில் நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை எல்லாம் அடக்கம். நாகை 1991இலும், திருவாரூர் 1997இலும், மயிலாடுதுறை 2020இலும் தனி மாவட்டங்களாயின. மாவட்ட எண்களை நேருக்கு நேர் வைக்காமல் தாலுகா, கிராமம் என்று இறங்கி ஒப்பிட வேண்டும்.