கரண்ட் எடுத்த தண்ணீரில் சத்து இருக்குமா?

கன்னிப்பூவுக்கு (எங்கள் குமரி மாவட்டத்தின் முதல் போக நெல்) பேச்சிப்பாறை அணை திறந்து தோவாளைச் சானலில் தண்ணீர் வந்த அன்று, கரையில் நின்றுகொண்டு மாமா கேட்டார்: "மக்கா, மேல கோதையாறுல கரண்ட் எடுத்துட்டுதானே இத விடுறான், அப்புறம் இதுல என்ன சத்து இருக்கும்?" சிரிக்காதீர்கள், அவர் மட்டும் கேட்கும் கேள்வி இல்லை இது. தயிர் கடைந்து வெண்ணெய் எடுத்துவிட்டால் மிச்சம் மோர்தானே, அதே கணக்கு.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேச்சிப்பாறை அணை 1906-இல், திருவிதாங்கூர் ராஜா காலத்தில், பாசனத்துக்காகக் கட்டி முடித்தது. மின்சாரம் ரொம்பப் பிந்தி வந்த கதை. மலையில் தேக்கிய தண்ணீரைக் குழாயில் இறக்கி, முதல் மின்நிலையத்தில் 60 மெகாவாட், அதற்குக் கீழே இரண்டாவதில் 40 மெகாவாட் எடுக்கிறார்கள். அந்தத் தண்ணீர்தான் பேச்சிப்பாறைக்கு வந்து சேர்கிறது. தண்ணீர் தள்ளும் சக்கரமான டர்பைன் சுற்றினால் ஜெனரேட்டர் சுற்றும், காந்தம், கம்பிச்சுருள், எல்லாம் பத்தாம் வகுப்பில் படித்ததுதான்.

எனக்குப் பிடித்த இடம் டர்பைன். இவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீருக்கு வைப்பது பெல்டன் சக்கரம். கணக்குக்கு 900 மீட்டர் உயரம் என்று வையுங்கள். அடியில் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப்போல நாற்பது மடங்குக்கு மேல். நாசில் என்ற குறுகிய வாய் வழியாகப் பீய்ச்சும்போது வேகம் விநாடிக்கு சுமார் 130 மீட்டர், அதாவது மணிக்கு 470 கிலோமீட்டர். சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி கிண்ணங்கள். ஒவ்வொன்றும் இரண்டு சிரட்டையை ஒட்டி வைத்த மாதிரி இருக்கும், நடுவில் கத்தி விளிம்பு போல ஒரு வரப்பு. தண்ணீர் அந்த வரப்பில் பட்டு இரண்டாகப் பிளந்து, சிரட்டையின் வளைவில் வழுக்கி, வந்த திசைக்கே கிட்டத்தட்டத் திரும்பிப் போகும்.

ஏன் திருப்ப வேண்டும்? கரண்டி கழுவும்போது குழிந்த பக்கத்தைக் குழாய்க்கு நேரே காட்டிப் பாருங்கள், தண்ணீர் எகிறிச் சட்டையை நனைத்துவிடும், கை கீழே போகும். தண்ணீரை நிறுத்துவதற்கு ஒரு தள்ளு, அதைத் திருப்பி அனுப்புவதற்கு இன்னொரு தள்ளு.

சூட்சுமம் இனிமேல்தான். கிண்ணம் சும்மா நிற்பதில்லை, தண்ணீர் போகும் திசையிலேயே பாதி வேகத்தில், விநாடிக்கு 65 மீட்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது. கிண்ணத்தில் உட்கார்ந்து பார்த்தால் தண்ணீர் 65-இல் வருகிறது, திரும்பி 65-இல் பின்னால் போகிறது. வெளியே நிற்கும் நமக்கோ, முன்னால் 65, பின்னால் 65, மிச்சம் பூஜ்யம்! மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிற பஸ்ஸிலிருந்து புளியங்கொட்டையை அதே 40-இல் பின்பக்கமாக எறிந்தால் ரோட்டில் நேராகத் தொப்பென்று விழுமே, அதேதான். 470 கிலோமீட்டர் வேகத்தில் வந்த தண்ணீர் ஒரு கிண்ணத்தைத் தொட்டுவிட்டு, செத்தது போலக் கீழே சொட்டுகிறது. அமெரிக்கத் தங்கச் சுரங்கப் பகுதியில் தச்சு வேலை பார்த்த லெஸ்டர் பெல்டன் இதற்கு 1880-இல் காப்புரிமை வாங்கினார். (நிஜத்தில் முழுசாகத் திருப்பமாட்டார்கள், பின்னால் வரும் கிண்ணத்தின் முதுகில் அடித்துவிடும்.)

ஆக, எடுத்தது வேகத்தை மட்டும். அதே 900 மீட்டரை அந்தத் தண்ணீர் பாறையில் முட்டி மோதி இறங்கியிருந்தால் அந்த ஆற்றல் சூடாக மாறியிருக்கும், எவ்வளவு தெரியுமா, இரண்டு டிகிரி. மாமாவின் வயலுக்கு வராமல் போன 'சத்து' அந்த இரண்டு டிகிரிதான். உப்போ சுண்ணாம்போ ஒரு துளிகூட டர்பைனில் தங்குவதில்லை.

ஆனால் மாமாவை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. அணையில் தண்ணீர் அசையாமல் நிற்கும்போது வண்டல் அடியில் படிந்துவிடும், தெளிந்ததுதான் சானலுக்கு வரும். சத்துக் குறைவுக்கு அந்தச் சுவர் காரணம், சக்கரம் இல்லை. அணைக்குள் எவ்வளவு வண்டல் சேருகிறது என்று வருஷா வருஷம் அளப்பதற்குப் பணம் ஒதுக்கினால், கரையில் செல்பி மேடை கட்டுவதைவிட உருப்படியான செலவு என்பது என் கட்சி.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் மாமா சானலுக்குள் எட்டிப் பார்த்தார். "அப்போ சத்தெல்லாம் அணைக்கு அடியிலயா கெடக்கு? லாரி உள்ள போவுமா?" என்றார். அவருக்கு வாழைக்கு இரண்டு லோடு வேண்டுமாம்.