பகா எண்: 'பெர்டானா'வுக்கு நம் சொல்

சுங்கை சிப்புட்டில் ஒட்டுக்கடை மேசை. அக்கா மகன் இடைநிலைப்பள்ளிப் படிவம் ஒன்று கணிதப் புத்தகத்தை விரித்து, பகா எண்ணுக்கு மலாயில் உள்ள பெயரை 'நொம்போர் பெர்டானா' என்று வாசித்தான். தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த தாத்தா தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கேட்டார்: "என்னாடா இது, பெர்டானா மந்திரிக்கும் நம்பருக்கும் என்னா சம்பந்தம்?"

சம்பந்தம் உண்டு. பெர்டானா மந்திரி என்றால் பிரதமர். மலாய் 'பெர்டானா'வும் நம் 'பிரதான'மும் ஒரே வடசொல்லின் பிள்ளைகள். ஆங்கில 'பிரைம்', முதல் என்று பொருள்படும் லத்தீன் 'பிரீமுஸ்' வழி வந்தது. இலங்கைத் தமிழில் வழங்கும் 'முதன்மை எண்'ணும் அந்த வழிதான். இவையெல்லாம் அந்த எண்ணின் பெருமையைச் சொல்கின்றன. குணத்தைச் சொல்வது தமிழ்ப்பள்ளியில் படித்த 'பகா எண்'தான்.

பகு என்றால் பிரி. பகிர், பங்கு, பகுதி எல்லாம் அந்த வேர். 'பகாத' என்பது ஈறு கெட்டுப் 'பகா' ஆகிறது. வாடா மலர், பொய்யாமொழி மாதிரி. நன்னூல் சொற்களைப் பகுபதம், பகாப்பதம் என்று பிரிக்கிறதே, அதே இணைதான் கணக்கில் பகு எண், பகா எண். புணர்த்தி எழுதினால் 'பகாவெண்' என்று வரவேண்டும். கணக்குத்தாளில் அப்படி எழுதி நான் பார்த்ததில்லை.

தாத்தாவுக்குச் செம்பனைக் கன்றை வைத்துச் சொன்னேன். 12 கன்றை மூன்று நிரையாக, நிரைக்கு நாலாக நடலாம். 13 கன்றை எப்படிப் பிரித்தாலும் ஒரு நிரை குறைப்படும்; ஒரே நிரையாக நட்டால்தான் உண்டு. மீதியில்லாமல் பகாது என்பதே பொருள். 1 மட்டும் இரண்டு கூட்டத்திலும் சேராது.

"மில்லியனுக்கு மேல போனா?" என்றார் தாத்தா. பையன் 1,000,001 என்று எழுதினான். ஒற்றைப்படை, கடைசி இலக்கம் 5 இல்லை, இலக்கங்களைக் கூட்டினால் 2, ஆகவே மூன்றாலும் பகாது. 7, 11, 13 எல்லாவற்றிலும் மீதி 2. "பகா எண்தான்" என்றான். நானும் தலையாட்டிவிட்டேன், அவசரப்பட்டு.

1,000 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். இரண்டு காரணிகளுமே அதற்கு மேல் என்றால், பெருக்கல் 1,002,001க்குக் குறையாது. அந்தப் பகா எண்கள் மொத்தம் 168. இருபத்தாறாவது 101, அங்கேதான் மாட்டியது: 101 × 9,901.

அடுத்த ஒற்றைப்படை எண் 1,000,003. 26 வகுத்தலிலேயே அலுத்துப்போனவன் கைப்பேசியை எடுத்துத் தட்டினான். அந்த 168இல் ஒன்றுகூட அதைப் பகுக்கவில்லை.