அந்நிய மரமா, ஆக்கிரமிப்பு மரமா?

எங்கள் தெருமுனையில் ஒரு பதாகை தொங்குகிறது: 'அந்நிய மரங்களை அகற்றுவோம், பூர்வீக மரங்களை நடுவோம்.' நோக்கம் நல்லதுதான். ஆனால் ஒரே வரியில் இரண்டு சொல்லும் தப்பு. இதே வரியை இந்த மாதத்தில் மூன்று இடங்களில் பார்த்துவிட்டேன்.

ஆங்கிலத்தின் 'இன்வேசிவ்', 'நேட்டிவ்' என்ற சொற்களைத்தான் முறையே 'அந்நிய', 'பூர்வீக' என்று ஆக்கியிருக்கிறார்கள். இரண்டும் லத்தீன் வழி வந்தவை. முன்னதன் வேர் உள்ளே புகுவதையும் பின்னதன் வேர் பிறப்பையும் குறிக்கும். அது போதும்.

பூர்வீக வீடு, பூர்வீகச் சொத்து, 'உங்களுக்குப் பூர்வீகம் எது?' எல்லாம் மனிதரின் குடிவழியைப் பற்றிய பேச்சு. பூர்வீக மரம் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது, தாத்தா வைத்துவிட்டுப்போய்ப் பங்காளிகள் வழக்காடும் புளியமரம். அந்தப் புளியே ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்பது வேறு விஷயம்.

இல்லை, அதுதான் விஷயமே. அந்நியம் என்றால் வேற்றிடத்தது, அவ்வளவுதான். மிளகாய், தக்காளி, நிலக்கடலை எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. நாம் விதைத்துக் களையெடுத்தால்தான் உண்டு. உண்ணிச்செடியும் அதே கண்டத்திலிருந்து தோட்டத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று கொண்டுவரப்பட்டதுதான். பறவைகள் பழத்தைத் தின்று எச்சமிட, காடெல்லாம் மண்டிவிட்டது. வந்த இடம் ஒன்று, குணம் வேறு. நமக்குப் பெயர் வேண்டியது அந்தக் குணத்துக்கு. வந்த இடத்தைச் சொல்லத்தான் 'சீமை' என்ற ஒட்டு முன்பே இருக்கிறதே, சீமைக்கருவேலம் மாதிரி.

சிலர் 'ஊடுருவும் தாவரம்' என்கிறார்கள். ஊடுருவுகிறவன் கண்ணில் படாமல் வருவான். உண்ணிச்செடியை நாமே தொட்டியில் வைத்துத் தண்ணீர் ஊற்றினோம். 'ஆக்கிரமிப்பு' வடசொல் என்று தனித்தமிழ் நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். புறம்போக்கை ஆக்கிரமித்தவர் என்றால் வெளியூர்க்காரர் என்று யாரும் நினைப்பதில்லை. அடுத்தவருக்கு இடமில்லாமல் பண்ணியவர் என்றே புரிந்துகொள்கிறோம். செடி செய்வதும் அதையேதான். வடசொல் வேண்டாம் என்றால் 'மண்டும் மரம்' எனலாம். 'மண்டு மரம்' என்று சுருக்கினால் திட்டுகிற மாதிரி ஆகிவிடும், ஜாக்கிரதை.

சொல் குழம்பினால் தோட்டமும் குழம்பும். பக்கத்து வீட்டு அண்ணன் 'கொன்றை' என்ற பெயரை நம்பி வாசலில் மஞ்சள்கொன்றை வைத்தார். முதுமலை, சத்தியமங்கலம் காடுகளிலிருந்து வனத்துறை அப்புறப்படுத்திக்கொண்டிருக்கும் அதே மரம். சரக்கொன்றையில் பூ சரம்சரமாகக் கீழே தொங்கும், சிற்றிலை அகலமாக நாலைந்து ஜோடி இருக்கும். இவர் மரத்தில் பூ கிளை நுனியில் கொத்தாக நிமிர்ந்து நின்றது, சிறுசிறு இலைகள் பத்து ஜோடிக்கு மேல். வெட்டினார், அடிக்கட்டையைச் சுற்றி மறுபடி துளிர்த்தது. அப்புறம் வேரோடு தோண்டவேண்டியதாயிற்று.

நேட்டிவுக்கு 'இயல் தாவரம்' என்றொரு ஆக்கம் உண்டு, 'அயல் தாவரம்' என்பதற்கு எதுகையாக. எழுத்தில் அழகு. காதால் கேட்டால் இயல், இசை, நாடகம்தான். நாட்டுக்கோழி, நாட்டுச்சர்க்கரை, நாட்டுமாடு என்று தினமும் சொல்கிறவர்களுக்கு நாட்டுமரம் என்றால் விளக்கம் வேண்டாம். இமயத்துத் தேவதாருவும் இந்த நாட்டு மரம்தானே என்று மடக்குவார்கள். நாட்டுக்கோழி கேட்கிறவர் தேச எல்லையையா நினைக்கிறார்?

அண்ணனுக்குக் கன்று வாங்க நர்சரிக்குப் போனபோது, வேண்டுமென்றே 'பூர்வீக மரக்கன்று இருக்கா?' என்று கேட்டேன். கடைக்காரர் முழித்தார். 'நாட்டுமரம்' என்றேன். "அப்படிச் சொல்லுங்க சார், பின்னாடி வாங்க. புங்கன், பூவரசு, மகிழம், நாவல், சரக்கொன்றை எல்லாம் இருக்கு. எது வேணும்?"