ஆறின தேத்தண்ணி ஐஸ் டீ ஆகாது

கேத்தலில் மிஞ்சிய தேத்தண்ணியை ஆறவைத்து, இரண்டு ஐஸ் கட்டியும் நாலு புதினா இலையும் போட்டால் ஐஸ் டீ ஆகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். குடித்துப் பார்த்தால் கலங்கிய நிறம், நாக்கை இழுக்கும் துவர்ப்பு, தண்ணீர் கலந்த ருசி. புதினா போட்ட அடையாளமே இருக்காது. தேயிலையிலும் குறையில்லை, இலையிலும் குறையில்லை. சூடாகக் குடிக்கப் போட்ட சாயம் குளிரக் குடிக்கப் போதாது. அதோடு, ஒவ்வொரு மூலிகையும் தன் வாசனையை ஒளித்து வைத்திருக்கும் இடம் வேறு, விட்டுக்கொடுக்கும் நேரம் வேறு. எல்லாவற்றையும் ஒரே சட்டியில் ஒரே நேரத்தில் போட்டுக் கொதிக்கவிட்டால் ஒன்றின் வாசனையும் முழுதாகக் கிடைக்காது.

புதினா இலை ஒன்றைப் பறித்து, அடிப்பக்கத்தைத் திருப்பி, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைவில்லையால் வெயிலில் வைத்துப் பாருங்கள். நரம்புகளுக்கு நடுவே மஞ்சள் கலந்த சின்னஞ்சிறு பளபளப்பான புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி. மெல்லிய தோலுக்குள் எண்ணெய் நிரம்பி, பனித்துளி போல இலையின் மேலேயே உட்கார்ந்திருக்கும். துளசியும் ரோஸ்மேரியும் இப்படித்தான். அதனால்தான் செடியை உரசிக்கொண்டு போனாலே சேலையில் வாசனை ஒட்டிக்கொள்கிறது. இந்த இலைகளை இடிக்கவே கூடாது. உள்ளங்கையில் வைத்து மறு கையால் ஒரு தட்டுத் தட்டினால் சுரப்பிகள் உடைந்துவிடும். அம்மியில் வைத்து நசுக்கினால் இலைக்குள் இருக்கும் பச்சையமும் நொதியும் வெளியே வரும். காற்றுப் பட்டதும் கறுக்கும். பச்சைப்புல் நாற்றம் அடிக்கும்.

எலுமிச்சைப் புல்லின் கதை நேர் எதிர். அதன் எண்ணெய் இலைக்கு வெளியே இல்லை, உள்ளே திசுவுக்குள் தனித்தனி உயிரணுக்களில் அடைபட்டுக் கிடக்கிறது. முழுத் தாளை அப்படியே தண்ணீரில் போட்டால் பத்து நிமிடம் கொதித்தாலும் வாசனை அரைகுறையாகத்தான் வரும். வெள்ளையாகத் தடித்திருக்கும் அடித்தண்டை ஒரு சாண் அளவுக்கு வெட்டி, குழவியால் நாலு அடி அடித்து நார் பிரியச் செய்தபிறகே போட வேண்டும். மேலே உள்ள ஓலையைப் போடுவதானால் விரல் அகலத்துக்கு நறுக்க வேண்டும். இதன் வாசனைக்குக் காரணமான சிட்ரால் ஐந்து நிமிடக் கொதியைத் தாங்கும். புதினாவின் மெல்லிய வாசனை தாங்காது.

புல்லைப் பறிக்கும்போது ஓர் எச்சரிக்கை. கைவிடப்பட்ட தேயிலை மலைகளிலும், மறுநடவுக்கு முன் மண்ணைத் தேற்றுவதற்கும் வளர்க்கப்படும் மானாப்புல், எலுமிச்சைப் புல்லுக்குச் சொந்தக்காரப் புல்தான். பார்வைக்கும் அப்படியே இருக்கும். ஓலையைக் கசக்கி முகர்ந்தால் வேறுபாடு தெரிந்துவிடும்: எலுமிச்சைப் புல்லில் தேசிக்காய்த் தோலின் வாசனை, மானாவில் சவர்க்காரமும் நுளம்பு விரட்டும் எண்ணெயும் கலந்த நெடி. எலுமிச்சைப் புல் அபூர்வமாகவே பூக்கும். மானா கதிர் கதிராகப் பூத்து நிற்கும்.

புதினா வாயில் ஏன் குளிர்கிறது? புதினா எண்ணெயில் உள்ள மென்தோல் எதையும் குளிர்விப்பதில்லை. நம் நரம்பு நுனிகளில் குளிரை உணரும் ஒரு கதவு இருக்கிறது. டிஆர்பிஎம்8 என்று பெயர். குளிர் பட்டால் அது திறக்கும். மென்தோல் பட்டாலும் திறக்கும். மூளைக்குப் போகும் செய்தி இரண்டுக்கும் ஒன்றே. வெப்பத்தையும் தொடுகையையும் உணரும் இத்தகைய கதவுகளைக் கண்டறிந்ததற்காகத்தான் டேவிட் ஜூலியசுக்கும் ஆர்டெம் படபூட்டியனுக்கும் 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஐஸும் மென்தோலும் ஒரே கதவை இரண்டு கையால் தள்ளுவதால், புதினா சேர்ந்த ஐஸ் டீ உண்மையான வெப்பநிலையை விடக் குளிர்ச்சியாகத் தெரிகிறது. ஆனால் எல்லாப் புதினாவிலும் மென்தோல் அதிகம் இல்லை. ஈட்டி போலக் கூரான இலையுள்ள ஸ்பியர்மின்ட் வகையில் கார்வோன் என்ற வாசனைப் பொருள்தான் முதன்மை. மணம் இனிக்கும், குளிர்ச்சி குறைவு. வாயில் சுரீர் என்று குளிர வேண்டுமானால் பெப்பர்மின்ட் கன்று தேடி நடுங்கள்.

இனித் தேயிலை. டஸ்ட் தேயிலை பால் தேத்தண்ணிக்கு நல்லது. ஐஸ் டீக்கு வேண்டாம். தூளாக இருப்பதால் நொடியில் சாயமும் துவர்ப்பும் ஒன்றாக இறங்கிவிடும், நிறுத்த நேரம் கிடைக்காது. பிஓபி (புரோக்கன் ஆரஞ்சு பீக்கோ) என்ற உடைத்த இலைத் தரம் அல்லது அதைவிடப் பெரிய இலையாக எடுங்கள். நுவரெலியா உயர்நிலத் தேயிலையின் வெளிர் நிறமும் பூ வாசனையும் குளிர் பானத்துக்கென்றே அமைந்தவை. ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை காய்ந்த காற்று வீசும் பருவத்தில் பறித்த கொழுந்தில் மெதைல் சாலிசிலேட் என்ற வாசனைப் பொருள் கூடும். அதற்கே புதினாவை ஒட்டிய ஒரு மணம் உண்டு. ஊவாத் தேயிலையும் புதினாவும் சேர்ந்தால் இரண்டையும் பிரித்து அடையாளம் காண முடியாதபடி ஒன்றாகிவிடும். எங்கள் கணிப்பில் மலைநாட்டில் இதைவிடப் பொருத்தமான சோடி இல்லை.

அளவுகளுக்கு வருவோம். ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்கு உறிஞ்சும் வெப்பமும், ஒரு லீற்றர் தண்ணீரை 0 பாகையிலிருந்து 80 பாகை செல்சியஸ் வரை சூடாக்கத் தேவைப்படும் வெப்பமும் ஒன்றுதான். அதாவது 80 பாகையில் இருக்கும் அரை லீற்றர் சாயத்தில் அரைக் கிலோ ஐஸைக் கொட்டினால், ஏறக்குறைய முழுதும் உருகி, ஒரு லீற்றர் ஐஸ்தண்ணீர்க் குளிரில் நிற்கும். ஆகவே சுடச்சுட ஊற்றுவதானால் சாயம் இருமடங்குக் கடுமையாக இருக்க வேண்டும், ஐஸ் சரிக்குச் சரி வேண்டும். முதலில் 25 பாகைக்கு ஆறவிட்டால் அதே அரை லீற்றருக்கு ஏறக்குறைய 160 கிராம் ஐஸே போதும்; அப்போது சாயமும் வழக்கமான கடுமைக்குச் சற்று மேலே இருந்தால் சரி. பலர் தவறுவது இங்கேதான்: சாதாரணச் சாயத்தைச் சுடச்சுட ஐஸில் ஊற்றுவார்கள். அது பாதி தண்ணீர்.

ஒரு லீற்றருக்கு இப்படிப் போடலாம். 550 மில்லி லீற்றர் தண்ணீரில் அடித்து வைத்த மூன்று எலுமிச்சைப் புல் தண்டும், மெல்லியதாக வெட்டிய 10 கிராம் இஞ்சியும் போட்டு, மூடி, சிறு தீயில் ஐந்து நிமிடம். கொஞ்சம் ஆவியாகி அரை லீற்றர் மிஞ்சும். அடுப்பை அணைத்த கையோடு 10 கிராம் தேயிலை, அதாவது தலைதட்டிய ஐந்து தேக்கரண்டி. தொழிற்சாலையில் ருசி பார்ப்பவர்கள் 100 மில்லிக்கு 2 கிராம் என்று போடுகிறார்களே, அதே கணக்கு. வீட்டுத் தேத்தண்ணியைப் போல இருமடங்கு. நான்கு நிமிடம் மூடி வைத்து வடித்துவிடுங்கள். வடித்த சாயத்தில் 40 கிராம் சீனியைக் கரைத்து, தட்டிய புதினா இலை இருபத்தைந்து போட்டு, மறுபடி மூன்று நிமிடம் மூடுங்கள். பிறகு 500 கிராம் ஐஸ் இருக்கும் சாடிக்குள் வடித்து ஊற்றுங்கள். இரண்டு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாறு கடைசியில்தான். கிளாஸில் ஊற்றியபின் ஒரு புதிய புதினாக் கொழுந்தைத் தட்டி விளிம்பில் செருகுங்கள். அது அழகுக்கு மட்டும் அல்ல. குளிர்ந்த பானத்திலிருந்து மணத்துகள்கள் காற்றுக்கு ஏறுவது குறைவு. மூக்குக்கு அருகிலேயே ஓர் இலை இருந்தால்தான் வாசனை முழுதாகக் கிடைக்கும். இனிப்பும் அப்படியே: நாக்கின் இனிப்பு உணர்வு குளிரில் மந்தமாகும். சூட்டில் சரியாக இருந்த சீனி குளிரில் குறைந்ததாகத் தெரியும்.

மூடியை ஒருபோதும் விடாதீர்கள். மூன்று நிமிடம் கழித்து மூடியைத் தூக்கி உட்புறத்தை முகர்ந்து பாருங்கள். அங்கே கோத்து நிற்கும் துளிகளில்தான் புதினா எண்ணெய் ஏறி நிற்கிறது. மூடி இல்லாவிட்டால் அது வீட்டுக் கூரைக்குப் போயிருக்கும். அந்தத் துளிகளைச் சட்டிக்குள்ளேயே உதறிவிடுங்கள்.

உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் 94 பாகை, ஹட்டனில் 96 பாகை என்று வைத்துக்கொள்ளலாம். நுவரெலியாவில் தேயிலையை இன்னும் ஒரு நிமிடம் கூடுதலாக ஊறவிட்டால் சாயம் ஈடாகிவிடும். அங்கே சனவரி, பெப்ரவரியில் விழும் உறைபனியில் துளசி கருகிப்போகும். சாடியில் வைத்து இரவில் உள்ளே எடுத்துவிட வேண்டும். ரோஸ்மேரிக்கும் புதினாவுக்கும் அந்தக் குளிர் ஒத்துப்போகும். துளசியில் யூஜினோல் உண்டு, கராம்பில் இருப்பதும் அதுவே. லீற்றருக்குப் பத்து இலைக்கு மேல் போனால் கராம்புக் கஷாயம் ஆகிவிடும். வல்லாரைக்கு வாசனை குறைவு, இதில் சேர்ப்பதால் பலன் இல்லை.

சாயம் ஏன் கலங்குகிறது? சூட்டில் தனித்தனியாகக் கரைந்திருந்த கஃபீனும், தேயிலைக்கு நிறம் தரும் தியாஃபிளேவின், தியாருபிஜின் என்பவையும் குளிர்ந்ததும் ஒன்றோடொன்று பிணைந்து கரையாத துகளாகின்றன. தேயிலைத் துறையில் இதைக் ‘கிறீம்’ என்பார்கள். ருசி பார்ப்பவர்களுக்கு இது நல்ல சாயத்தின் அறிகுறி. கண்ணாடிக் கிளாஸில் பார்ப்பவருக்கோ கழுவின தண்ணீர். அதிகக் கடுமை, நீண்ட ஊறல், தண்ணீரில் சுண்ணாம்பு மூன்றும் இதைக் கூட்டும். மலையூற்று நீரில் பெரும்பாலும் சுண்ணாம்பு குறைவு. மாத்தளைப் பக்கம் சுண்ணாம்புக் கல் உள்ள இடங்களில் கவனம் வேண்டும். கலங்கிவிட்டால் கொஞ்சம் கொதிநீர் விட்டுக் கலக்குங்கள், தெளிந்துவிடும். கொதிநீருக்கும் தெளியாமல் அடியில் வெள்ளையாகப் படிந்தால் அது இஞ்சியின் மாப்பொருள். துணியில் வடித்தால் போகும். தேசிக்காய் விட்டதும் சாயம் வெளுப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. புளிப்பில் தியாருபிஜினின் நிறம் மங்கும், அவ்வளவுதான். சூடான சாயத்திலேயே சாறு விட்டால்தான் தொல்லை. புளிப்பும் சூடும் சேர்ந்து பச்சையத்திலுள்ள மக்னீசியத்தைப் பிடுங்கிவிட, புதினா இலை பாசிப் பழுப்பாகிவிடும்.

துவர்ப்பே பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. கொதிக்க வைத்து ஆறிய ஒரு லீற்றர் தண்ணீரில் 10 கிராம் தேயிலையும் கழுவிய புதினாவும் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் பத்து மணி நேரம் வைத்து வடிப்பது. குளிர்ந்த நீரில் கஃபீனும் துவர்ப்புப் பொருளும் குறைவாகவே இறங்கும், கலங்கலும் குறைவு. ஆனால் இதில் இலையிலுள்ள கிருமியைக் கொல்லும் சூடு எங்குமே இல்லை. போத்தலை முற்றத்து வெயிலில் வைத்து ஊறவிடுவது ஆபத்து: தோட்டத்து இலையில் மண்ணிலுள்ள கிருமிகள் இருக்கும், அந்த இளஞ்சூடு அவை பெருகத் தோதானது. மலையூற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் நன்றாகக் கொதிக்க வைத்தே பயன்படுத்த வேண்டும். நுவரெலியா உயரத்தில் மூன்று நிமிடம் தளதளவென்று கொதிக்கட்டும். ஐஸுக்கும் அதே தண்ணீர்தான். சாயத்தைக் கொதிக்க வைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீர் ஐஸ் போடுவதில் அர்த்தமே இல்லை.

இலையைக் காலையில் பனி காய்ந்ததும், செடி பூப்பதற்கு முன் பறியுங்கள். தேயிலை மலையை ஒட்டிய கான் (வடிகால்) ஓரத்தில் முளைத்ததைத் தொடாதீர்கள். மலைக்கு அடிக்கும் களைநாசினியும் பூச்சிமருந்தும் காற்றில் அங்கேதான் வந்து படியும். இரத்தச்சோகை உள்ளவர்கள், முக்கியமாகக் கர்ப்பிணித் தாய்மார், சோற்றோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தைத் தேயிலையின் துவர்ப்புப் பொருள் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், வடித்த சாயத்தைப் போத்தலில் இறுக மூடி ஓடும் பீலித் தண்ணீருக்குள் நிறுத்தினால் போதும். தண்ணீர் காற்றை விட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், மேசையில் வைத்ததை விட மிக விரைவில் குளிர்ந்துவிடும். வாய்ப்பகுதி மட்டும் தண்ணீருக்கு மேலே நிற்கட்டும். அன்றன்றே குடித்துவிடுங்கள். பெட்டியில் வைத்தாலும் இலையை எடுத்துவிட்டு இரண்டு நாளுக்குள் முடிக்க வேண்டும். மிஞ்சியதை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய விட்டால், அடுத்த முறை கிளாஸில் போடும் கட்டி உருக உருகச் சாயம் நீர்க்காது.