குளிரை எண்ணும் தடி

திருகோணமலை உவர்மலையில் எங்கள் பக்கத்து வீட்டு மாமி, போன மாரிக்கு முன் ஒரு கன்று வாங்கி வந்தார். "முள்ளில்லாத பிளக்பெரியாம் தம்பி" என்றார். கன்று மளமளவென்று வளர்ந்து, சில மாதத்தில் கறுப்பாகக் காய்த்தும் விட்டது. கனடாவில் இருக்கும் மகளுக்குப் படம் போயிற்று. நான் ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்தேன். காம்பில் பால் வடிந்தது. "மாமி, இது மல்பெரி" என்றேன். இரண்டு நாள் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை.

பார்வைக்கு இரண்டு பழமும் அண்ணன் தம்பி போல இருக்கும், உறவு மட்டும் கிடையாது. பிளக்பெரி ரோசாவின் குடும்பம், மல்பெரி பலாவின் குடும்பம். மல்பெரியில் ஒவ்வொரு மணியும் தனித்தனிப் பூவிலிருந்து வருவது. பிளக்பெரியில் ஒரே பூவுக்குள் இருக்கும் பல சூலகங்கள் ஆளுக்கொரு மணியாகின்றன. அந்த மணியைப் பிதுக்கிப் பார்த்தால் அது ஒரு குட்டி மாம்பழம்: தோல், சதை, நடுவில் கல். செடியைப் பார்த்துச் சொல்வது இன்னும் சுலபம். மல்பெரிக்கு ஒற்றை இலை; பிளக்பெரிக்கு மூன்றோ ஐந்தோ சிற்றிலைகள் சேர்ந்த கூட்டிலை, பாலும் வராது.

சரி, முள்ளுக்கு வருவோம். நம் வளவிலேயே முள்ளில் பல சாதி உண்டு. தேசிமரத்து முள் ஒரு கிளையின் உருமாற்றம். இலந்தை முள் இலையடிச் செதிலிலிருந்து வந்தது. நாகதாளியின் முள் இலையே முள்ளானது. ரோசாவுக்கும் பிளக்பெரிக்கும் இருப்பது இவை எதுவுமில்லை. தோலில் எழும்பிய வெறும் மேடு. விரலால் பக்கவாட்டில் தள்ளினால் சுத்தமாகக் கழன்று வரும். உள்ளே நாளமோ தண்டுத் திசுவோ கிடையாது. அதனால்தான் செடிக்குப் பெரிய சேதம் இல்லாமல் முள்ளை மட்டும் இழக்க முடிகிறது.

இழப்பதும் ஒரே வழியில் நடப்பதில்லை. இங்கிலாந்தின் ஜோன் இன்னெஸ் நிலையத்தில் உருவான மேர்ட்டன் தோர்ன்லெஸ் என்ற வகையில் முள்ளின்மை ஒரு பின்னடைவான மரபணுவால் வருகிறது. அதே குணத்தை எடுத்து அமெரிக்காவில் 1966இல் தோர்ன்ஃபிரீ, ஸ்மூத்ஸ்டெம் என்ற இரண்டு வகைகளை வெளியிட்டார்கள். கேட்கச் சின்ன வேலை போல் இருக்கும். ஆனால் இந்தச் செடிகளுக்கு ஒவ்வொரு மரபணுவும் நான்கு பிரதி. நான்கும் முள்ளில்லாததாக இருந்தால்தான் தண்டு வழுவழுப்பாகும். முழு முள் செடியையும் முள்ளில்லாததையும் கலந்தால் முதல் தலைமுறை அத்தனையும் முள். அதைத் தன்னோடு தானே கலந்தால், கணக்குப்படி 36 கன்றுக்கு ஒன்றுதான் தேறும்.

இன்னொரு வழி விசித்திரமானது. தோர்ன்லெஸ் எவர்கிரீன் என்ற வகையில் மாற்றம் நடந்தது வெளித்தோல் அடுக்கில் மட்டும். உள்ளே அது பழைய முள் செடியேதான். வேரிலிருந்து கிளம்பும் குருத்து உள்ளடுக்கிலிருந்து வருவதால் முள்ளோடு முளைக்கும். வேரைக் கொத்திக் காயப்படுத்தினால் போதும், முள் திரும்பி வந்துவிடும்.

ஆக, முள் தீர்ந்த பிரச்சினை. திருகோணமலையில் தடை வேறு: குளிர்.

பிளக்பெரியின் வேர் பல வருடம் வாழும், அதிலிருந்து எழும் நீளத் தண்டுகளான தடிகளுக்கு ஆயுள் இரண்டு வருடம்தான். முதல் வருடம் தடி வளரும். இரண்டாம் வருடம் பூத்துக் காய்த்துச் சாகும். இடையில் பனிக்காலம் வர வேண்டும். மொட்டுகள் உறங்கிக்கொண்டே வெப்பநிலை 0 முதல் 7 பாகை செல்சியஸ் வரை இருக்கும் மணித்தியாலங்களை எண்ணுவது போல நடந்துகொள்கின்றன. ஒவாச்சிட்டா வகைக்கு 400, 500 மணித்தியாலம். நவஹோவுக்கு 800க்குக் குறையாமல். கணக்கு நிறையாமல் மொட்டு சரியாக விழிக்காது. நடுப்பனியில் இரண்டு நாள் வெயில் அடித்தவுடன் ஏமாந்து பூத்துக் கருகாமலிருக்க அது வைத்திருக்கும் பூட்டு இது. நமக்கோ மார்கழி இரவில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. எண்ணத் தொடங்கவே வழியில்லை. பச்சைப் பசேலென்று தடி நீளும், பூ வராது. நுவரெலியாவில் வைத்தால் கதை வேறு. அந்தப் பக்கத்துக் காடுகளில் இதன் உறவுச் செடிகள் தாமாகவே வளர்கின்றன.

ஒரு சந்து இருக்கிறது. முதல் வருடத் தடியின் நுனியிலேயே, குளிருக்குக் காத்திராமல் பூக்கும் வகைகள் வந்துவிட்டன. அதில் முள்ளில்லாத முதல் வகை பிரைம்-ஆர்க் ஃபிரீடம், 2013இல் ஆர்கன்சா பல்கலைக்கழகம் வெளியிட்டது. ஆனால் 30 பாகையைத் தாண்டும் வெக்கையில் இவற்றின் பூ ஒழுங்காகப் பிடிப்பதில்லை. ஒவ்வொரு மணிக்கும் தனித்தனியாகக் கருக்கட்ட வேண்டுமல்லவா, பாதிதான் கட்டினால் பழம் சொத்தையாக நிற்கும். வெக்கையான கச்சான் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) வீசும் மாதங்களில் இங்கே அந்த ஆசையே வேண்டாம். வைத்துப் பார்ப்பதானால், தை, மாசியில் பூ வரும்படி தடியின் நுனியை முன்கூட்டிக் கிள்ளி, காலத்தைக் கூட்டிக் குறைத்துப் பழக வேண்டும்.

மண்ணும் கேட்கும். pH (அமிலத்தன்மை அளவு) 5.5 முதல் 6.5 வரை உள்ள, சற்றுப் புளிப்பான மண் அதற்குப் பிடிக்கும், உப்பு அறவே ஆகாது. இருக்கும் இடமோ உவர்மலை. கடற்கரை வளவுக் கிணற்றுத் தண்ணீரை நம்பாமல், பெரிய சாடியில் இலைமட்கும் சாணி எருவும் கலந்து, பிடித்து வைத்த மழைநீரை ஊற்றுவது நல்லது. மத்தியான வெயிலுக்கு நிழல்வலை தேவை.

மகள் வரும்போது பெட்டிக்குள் ஒரு தடி கொண்டுவரலாமா என்று மாமி கேட்டார். 1999ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அனுமதி இல்லாமல் கூடாது என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, மல்பெரியில் ஒரு கிளையை வெட்டி இன்னொரு சாடியில் ஊன்றினார். இப்போது அதுவும் துளிர்த்திருக்கிறது.